அலை டீச்சருக்குத் தாழ்ந்த குரலில் ஒரு மடல்

“மேடை வேண்டாம். மைக் வேண்டாம். நாலு பேர் எழுந்து நாலு விதமாப் புளுகவும் வேண்டாம். நான் பாட்டுக்கு வந்தேன், நான் பாட்டுக்குப் போறேன்.”

“அப்புறம் உங்களை எப்படி டீச்சர் அனுப்பி வைக்கிறது? கூரியர்லயா?”

“கூரியர்னா இன்னும் சௌகரியம். யாரும் பேச மாட்டாங்க. நானும் கேட்ட மாதிரி தலையாட்ட வேண்டாம்.”

“சரி, எழுதியாவது குடுக்கட்டுமா?”

“எழுதுங்க. ஆனா மைக் வெச்சுப் படிச்சீங்கன்னா எழுந்து போயிடுவேன்.”

சென்ற மாதம் ஆசிரியர் அறையில், மின்விசிறிக்குக் கீழே, நம் உடற்கல்வி ஆசிரியருக்கும் உங்களுக்கும் நடந்த பேச்சு இது. அரை மனதோடு நீங்கள் கொடுத்த அந்த அனுமதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இந்த மடலை எழுதத் துணிந்தோம்.

எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய இயற்பியல் ஆசிரியையே! ஒரு முழக் கயிற்றில் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் ஓடவிட்டவரே! ஒரு சொட்டுத் தண்ணீரில் உலகத்து வளையங்களையெல்லாம் விரித்துக் காட்டியவரே! ‘அலை டீச்சர்’ என்று மாணவர்கள் சூட்டிய பட்டப்பெயரை, பெற்றோர் வைத்த பெயரைக் காட்டிலும் பெருமையாகச் சுமந்தவரே! பணி நிறைவு பெறும் இந்த நாளில் உங்கள் ஆசிரியர் அறையின் வணக்கத்தை ஏற்றருள்வீர்!

இதை வாசித்துக்கொண்டிருப்பவர் உடற்கல்வி ஆசிரியர். மொழியாசிரியர் கைகட்டி உட்கார்ந்திருக்க, மைதானத்துக்காரர் ஏன் மடல் வாசிக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். பெரிய அரங்கம் பூட்டிக் கிடக்க, இந்த ஆய்வகத்தில் திரைகளை இழுத்துவிட்டு, மேசைகளில் போர்வைகளை விரித்து, நெருக்கியடித்து ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்றும் நினைக்கலாம். அல்லது, எங்களுக்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்திருக்கலாம். உங்கள் மாணவர்களிடம் நீங்கள் வழக்கமாகச் சொல்வதுபோல, விடை தெரிந்தாலும் வழிமுறையைக் கேளுங்கள்.

நீங்கள் இந்தப் பள்ளிக்கு வந்தபோது இந்த ஆய்வகத்தில் ஒரு தராசும், விளிம்பு உடைந்த சில வில்லைகளும், சாவி தொலைந்த ஓர் அலமாரியும் இருந்தன என்று கேள்வி. வந்த வாரமே தச்சரைப் பிடித்து, கண்ணாடி அடி வைத்த தட்டு ஒன்று செய்யச் சொன்னீர்கள். அதில் விரலளவு தண்ணீர் ஊற்றினீர்கள்; மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டீர்கள்; கீழே வெள்ளைத் தாளை விரித்தீர்கள். விரல்நுனியால் தண்ணீரைத் தொட்டதும் தாளில் ஒளிவளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. அடுத்தடுத்து வேகமாகத் தொட்டால் வளையங்கள் நெருங்கின. விட்டுவிட்டுத் தொட்டால் விலகின. அழுத்தித் தொட்டால் உயரம் கூடியதே தவிர, நெருக்கம் மாறவில்லை. அதிர்வெண், அலைநீளம், வீச்சு என்ற மூன்று முரட்டுச் சொற்களும் அன்றைக்கு ஒரு விரல்நுனியில் வந்து உட்கார்ந்தன.

பிறகு தண்ணீரில் ஒரு தக்கையைப் போடுவீர்கள். “இது எங்க போகுதுன்னு பாருங்க” என்பீர்கள். வளையங்கள் கரைக்குப் போகும். தக்கை இருந்த இடத்திலேயே ஏறி இறங்கி ஆடும். “அலை போயிடும், தக்கை நிக்கும். நான்தான் அந்தத் தக்கை. வருஷா வருஷம் நீங்க எல்லாம் என்னை ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிட்டே இருப்பீங்க.” இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்று இதே பள்ளியில் ஆசிரியர்களாக, இதோ உங்கள் எதிரில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒலி எப்படிப் பயணம் போகிறது என்று காட்ட, நடைக்கூடத்தில் ஒரு வகுப்பையே தோளோடு தோள் ஒட்ட நிறுத்துவீர்கள். இந்த முனையில் நிற்பவரைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுவீர்கள். தள்ளல் வரிசை முழுக்க ஓடி, அந்த முனையில் நிற்பவரை அசைக்கும். “யாராவது இடம் மாறினீங்களா? இல்லையே! காத்தும் அப்படித்தான். ஊர்விட்டு ஊர் போறதில்ல. பக்கத்துல இருக்கிறவனை இடிச்சிட்டு, தன் இடத்துக்கே திரும்பி வந்து நிக்குது.” ஒருமுறை அந்த முனையைத் தாண்டிச் சுற்றறிக்கையோடு வந்த தலைமையாசிரியர், இடி வாங்கிப் பூந்தொட்டியில் அமர்ந்தது நம் பள்ளி வரலாறு. ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டு நீங்கள் சொன்ன ஆறுதலும் வரலாறுதான். “சுவர் மாதிரி விறைப்பா நின்னிருந்தா அலை திரும்பிப் போயிருக்கும் சார். நீங்க கொஞ்சம் தளர்வா நின்னுட்டீங்க.”

வாத்தியார்கள் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடும் நாட்களில் கயிற்றை எடுத்து வருவீர்கள். ஆளுக்கொரு முனையைக் கொடுத்து, ஒரே நேரத்தில் உதறச் சொல்வீர்கள். இரண்டு மேடுகள் எதிரெதிரே ஓடிவந்து, நடுவில் கூடி ஒரு பெரிய மேடாக எழும்பி, மறுகணம் ஒன்றையொன்று ஊடுருவி, காயம் ஏதுமின்றித் தம் வழியே போகும். “பார்த்தீங்களா? ரெண்டும் முட்டிக்கிச்சு. ஆனா எதுவும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கல.” அதற்குப் பிறகும் சண்டை போட யாருக்கு மனம் வரும்?

ஆனால் டீச்சர், இந்த அறையில் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக, நீங்கள் அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாக நினைத்திருந்தார். இந்த மடலின் மையமே அதுதான்.

உங்கள் மேசையும் வேதியியல் ஆசிரியையின் மேசையும் ஒட்டிப் பிறந்தவை. அவர் உங்களை அக்கா என்பார். நீங்கள் அவரை ‘ஏன்டி’ என்பீர்கள். குயில் கூடச் சற்றுக் கீழே இறங்கிப் பாட வேண்டிய அளவுக்கு அவருக்கு மெல்லிய, உச்சத்தில் நிற்கும் குரல். அந்தக் குரலும் உங்கள் குரலும் மோதிக்கொள்வதைக் கேட்கவே நாங்கள் உணவு இடைவேளையில் டப்பாவைத் தாமதமாக மூடுவோம்.

“அக்கா, உங்க பாடத்துல எல்லாமே கண்ணுக்குத் தெரியாம ஓடுது. என் பாடத்தைப் பாருங்க, நாலு வகுப்பு தள்ளி இருக்கிற மூக்குக்கே தெரியும்.”

“அதனாலதான்டி நாலு வகுப்பும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது.”

மாலையில் மணி அடித்ததும் வரும் முதல் பேருந்தில் நீங்கள் இருவரும் ஏறியதே இல்லை. கூட்டம் என்பது சாக்கு. அடுத்த பேருந்து வரும்வரை நிழற்குடையில் நின்று பேசுவதுதான் உங்கள் இருவருக்கும் அன்றைய நாளின் சாரம். மழை வந்தால் ஒரே குடை. அடுத்ததும் கூட்டமாக வந்தால், இருவருக்கும் அது வருத்தமாக இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் திடீரென்று முதல் பேருந்தைப் பிடிக்கத் தொடங்கினீர்கள். மணி அடிக்கும் முன்பே கைப்பை தோளில் இருக்கும். உணவு இடைவேளையில் ஆய்வகத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துபோனீர்கள். அவர் ஏதாவது சொன்னால் “ம், சரிதான்” என்பீர்கள். கேள்வி கேட்டாலும் “சரிதான்.” ஒரு நாள் அவர் எங்களிடம் வந்து சொன்னார்: “நான் என்ன தப்பு பண்ணினேன்னு வாய்விட்டுத் திட்டிட்டா நிம்மதி. இப்படி நழுவிட்டுப் போறாங்களே, அதைத்தான் தாங்க முடியல.”

அதே சமயம் எங்கள் எல்லோருக்கும் ஒன்று புலப்பட்டது. கூப்பிட்டால் நீங்கள் சில வேளை திரும்புவதில்லை. ‘மத்தவங்க பேசினா கேட்குதே’ என்று நம்ப மறுத்த வேதியியல் ஆசிரியை தவிர, நாங்கள் காது மந்தம் என்று முடிவு கட்டினோம். கட்டியதும், படித்த மேதைகள் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தோம்: கத்தினோம். “டீச்சர்! வருகைப் பதிவேடு!” என்று நூலக ஆசிரியை கத்தியதில் வெளியே காக்கைகள் பறந்தன. நீங்கள் தலை நிமிரவில்லை. இன்னும் கத்தினார். கத்தக் கத்தக் குரல் உச்சத்துக்கு ஏறியது. ஏற ஏற உங்களுக்கு இன்னும் கேட்காமல் போனது. வீச்சைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதும் மாணவனுக்கு, ‘ஒலி உரக்க இருப்பது வேறு, சுருதி உயரத்தில் இருப்பது வேறு’ என்று சிவப்பு மையில் திருத்தம் போட்டுவந்தவர் நீங்கள். உங்கள் சக ஆசிரியர்கள் இத்தனை பேரும் அந்தக் கேள்வியில் பூஜ்யம் வாங்கினோம்.

இந்த ஆண்டு ஒலிப் பாடம் வந்தது. ஒலியின் அதிர்வெண்ணைக் குமிழ் திருகிப் படிப்படியாக ஏற்றும் அந்தக் கருவியை எடுத்து வைத்தீர்கள். ஒலி கேட்கும்வரை எல்லோரும் கையை உயர்த்தியிருக்க வேண்டும். கேட்காமல் போனதும் இறக்க வேண்டும். வழக்கம்போல நீங்களும் ஒரு கையை உயர்த்திக்கொண்டு, மறுகையால் குமிழைத் திருகினீர்கள். கண் கருவியின் முள்ளின் மேல்; எப்போது கையை இறக்குவது என்பதைக் காதுக்குப் பதில் முள்தான் சொல்லிற்று போலும். பாதி வழியில் ஒலிபெருக்கியின் கம்பி கழன்றது. சத்தம் சட்டென்று நின்றது. வகுப்பில் எல்லாக் கைகளும் இறங்கின. உங்கள் கை மட்டும் இறங்கவில்லை.

ஜன்னலோரம் நின்றிருந்த ஆய்வக உதவியாளர் சொன்னது இது. வகுப்பு முழுவதும் உங்கள் உயர்ந்த கையைப் பார்த்தது. பிறகு முதல் வரிசையில் ஒரு கை திரும்ப உயர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. நடைக்கூடத்தில் ஓடும் தள்ளலைப் போலக் கைகள் பின்வரிசைவரை எழுந்தன. நீங்கள் திரும்பிப் பார்த்தபோது வகுப்பு முழுவதும் கையை உயர்த்திக்கொண்டு, கேட்காத ஓர் ஒலியை உங்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் கம்பியைக் கையில் பிடித்தபடி வகுப்புக்குள் நுழைந்தீர்கள்.

“நேத்து இது கழண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டீங்க எல்லாரும்?”

“உங்களைத் தனியா நிக்க விடக் கூடாதுன்னுதான் டீச்சர்” என்றாள் முன்வரிசைப் பெண்.

“எனக்கு நிஜமாவே ஏதோ கேட்டுச்சு டீச்சர்” என்றான் ஒருவன் பின்னாலிருந்து.

“அது உன் வயிறுடா.”

சிரிப்பு அடங்கியதும் ஒளிக்காமல் சொன்னீர்கள். “வயசாக ஆக, காது மேல்மாடியில இருந்து ஒவ்வொரு மாடியாக் காலி பண்ணிட்டு வரும். என் காது கொஞ்சம் அவசரக் குடுக்கை. சீக்கிரமே இறங்கிடுச்சு. கீழ்மாடிச் சத்தமெல்லாம் நல்லாக் கேட்கும். அதனால கேள்வி கேட்கிறவங்க பக்கத்துல வந்து, குரலை இறக்கிக் கேளுங்க.” அன்றிலிருந்து உங்கள் வகுப்பில் பிள்ளைகள் கட்டைக் குரலில் கேள்வி கேட்டதும், அடுத்த வகுப்புக்காரர்கள் உள்ளே கிழவர்கள் கூட்டம் நடப்பதாகப் பயந்ததும் உண்மை.

இத்தனை பிள்ளைகளிடம் சொன்னவர், பக்கத்து மேசையிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

அதற்கு விடை மைதானத்தில் கிடைத்தது. நீங்கள் எல்லைக்கோட்டோரம் நடந்துகொண்டிருந்தீர்கள். பந்து ஒன்று உங்களை நோக்கிப் பறந்தது. உடற்கல்வி ஆசிரியர் பலம் கொண்ட மட்டும் விசில் ஊதினார். மைதானமே உறைந்தது, நீங்கள் நடந்துகொண்டே இருந்தீர்கள். விசிலைத் துப்பிவிட்டு, “டீச்சர், பந்து!” என்று அவர் தன் சொந்த இடிக்குரலில் உறுமியதும் சட்டென்று குனிந்தீர்கள். பந்து தலைக்கு மேலே போயிற்று.

“விசில் கேட்கலையா டீச்சர்?”

“நீங்க எப்ப தம்பி ஊதினீங்க?”

பிறகு வேப்பமர நிழலில் நின்று அவரிடம் நீங்கள் சொன்னதை, உங்கள் சம்மதத்தோடு அப்படியே எழுதுகிறோம்.

“உங்க குரல் கேட்குது தம்பி. தலைமையாசிரியர் குரலும் கேட்குது, கேட்காட்டியும் நஷ்டமில்ல. அவ குரல்தான் உதிர்ந்து போச்சு. வாய் அசையுது, பாதிச் சொல்லு வந்து சேரலை. பஸ் ஸ்டாப் இரைச்சல்ல மிச்சப் பாதியும் போயிடுது. எத்தனை தடவைதான் ‘என்ன, என்ன’ன்னு கேட்கிறது? ஊர்ல எல்லார் குரலும் கேட்குது, உன் குரல் மட்டும் கேட்கலைடின்னு எந்த வாயால சொல்றது?”

“அதுக்காக முதல் பஸ்ஸுக்கு ஓடுறதா?”

“ஓடுறது சுலபம் தம்பி. உங்க பாடம்தானே.” பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். “நீங்களே ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லிடுங்க. எனக்கு வரமாட்டேங்குது.”

அவர் சொன்னார்; சொல்லிவிட்டதை மட்டும் உங்களிடம் மறைத்தார். வேதியியல் ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் சிரித்து, அப்புறம் அழுது, அப்புறம் கோபப்பட்டார். “ரெண்டு வருஷமா என் வாய்ல என்ன குறை, என் நடத்தையில என்ன குறைன்னு தேடிட்டே இருந்தேன். குரல்ல இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதி நீட்டியிருக்கக் கூடாதா இந்த அக்கா? நான் கட்டையாப் பேசப் பழகியிருப்பேனே!” அதோடு நிற்கவில்லை. ஒரு வாரம் பழகவும் செய்தார். துருப்பிடித்த கதவு பேசக் கற்றுக்கொண்டதுபோல் இருந்தது. நீங்கள்கூட அவரைப் பார்த்து, “தொண்டை கட்டிடுச்சா? வெந்நீர் குடிடி” என்றீர்கள். அவர் “ம்” என்று சொல்லிவிட்டு வெந்நீர் குடித்தார். அந்த ஒரு வாரம் அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பது இன்று உங்களுக்குத் தெரியட்டும்.

டீச்சர், இன்னும் ஒன்று. இசைக்கவைகள் இருக்கும் மரப்பெட்டியின் மூலையில் ஒரு சின்ன நீலப் பெட்டி இருந்தது. காதில் மாட்டும் கருவி. ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வைத்ததாக நீங்களே ஆய்வக உதவியாளரிடம் சொல்லியிருக்கிறீர்கள். “வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரி இருக்குப்பா. சாக்பீஸ் கத்துது, நாற்காலி கத்துது, என் சேலையே கத்துது. பழகணும்னு டாக்டர் சொல்றார். இனிமே யாருக்காகப் பழக?”

ஊசல் கூட முதல் தள்ளலிலேயே உயரப் போவதில்லை என்று உங்களிடம்தான் படித்தோம். சரியான தருணத்தில் சின்னச் சின்னதாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், அது தன் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒத்ததிர்வு என்பது அதுதான் என்றீர்கள். காதுக்கும் அது பொருந்தும் என்று நாங்கள் சொன்னால் அதிகப்பிரசங்கம். ஆனால் ‘யாருக்காக’ என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கிறது. வேதியியல் ஆசிரியை இப்போது உங்கள் நாற்காலிக்குப் பின்னால், ஆய்வகத்தின் கதவோரம் நிற்கிறார்.

நாளை முதல் ஒட்டிய மேசைகள் இல்லை. தலையாட்டவோ, உதட்டைப் பார்த்துப் பாதியை ஊகிக்கவோ வழியில்லை. இனி நீங்கள் இருவரும் பேசுவதென்றால் தொலைபேசியில் பேச வேண்டும். இல்லையென்றால் அந்த நிழற்குடையில் நின்று பேச வேண்டும். இரண்டுமே மெல்லிய குரலுக்குப் பகை. இன்றைக்கு விட்டால், முதல் பேருந்து ஒரேயடியாகப் போய்விடும்.

ஆகவே அரங்கத்தைத் தவிர்த்தோம். அதன் வெற்றுச் சுவர்களில் சொல்லும் அதன் எதிரொலியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உங்களைக் குழப்பும். ஆகவே திரைகளும் போர்வைகளும்; மிஞ்சும் சத்தத்தை அவை உண்ணட்டும். ஆகவே மைக் இல்லை. ஆகவே இடிக்குரல். வழிமுறைக்கு முழு மதிப்பெண் தருவீர்கள் என்று நம்புகிறோம்.

எங்கள் அலை டீச்சரே! ஆழமான தண்ணீரில் அலை விரைந்து போகும், ஆழம் குறைந்தால் நிதானப்படும் என்பீர்கள். கரைக்கு வந்துவிட்ட அலை நிதானப்பட்டாலும், அங்கேதான் அது உயரமாக எழுந்து நிற்கிறது. அப்படி எழுந்து நில்லுங்கள். பிடித்த புத்தகங்களைப் பகலில் படுத்துக்கொண்டே படியுங்கள். மணியடித்து எழுப்பாத காலைகள் உங்களுக்கு ஏராளமாக வாய்க்கட்டும். கால்கள் படியேற மறுக்காமலும், கண்கள் எழுத்தைக் கைவிடாமலும், நாக்கின் கேலி ஒரு நாளும் மழுங்காமலும் நெடுங்காலம் நலமோடு வாழ்வீர்! தக்கை நிற்கும், அலை போகும் என்றீர்கள். இந்த ஒருமுறை தக்கைகள் நாங்கள். ஆடியபடியே நிற்கிறோம்.

என்றும் உங்கள் ஒலிக்குச் செவி சாய்க்கும்,
ஆசிரியர் அறையினர்

இந்த மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைசியில் ஒரு வரி அளவுக்கு வெற்றிடம் விட்டிருக்கிறோம். அந்த வரியை எழுதவும் கூடாது, இடிக்குரலில் வாசிக்கவும் கூடாது என்பது வேதியியல் ஆசிரியையின் கட்டளை. தன் சொந்தக் குரலில், கத்தாமல், கட்டையாக்காமல், நிற்கும் இடத்திலிருந்தே அவரே சொல்வாராம். அது இன்று மாலைப் பேருந்து பற்றியது என்பதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது. உடற்கல்வி ஆசிரியர் இதோடு நிறுத்திக்கொள்கிறார். நீலப் பெட்டியை உங்கள் வலது கைப்பக்கம், தண்ணீர்க் குவளைக்கு அருகில் எடுத்து வைத்திருக்கிறோம். திரும்பி அவர் உதட்டைப் பார்க்க வேண்டாம், டீச்சர். அதை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்ளுங்களேன்.